பொத்தான் போட்டுவிட்ட கை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஒவ்வொரு தொழிற்சாலையாக முளைத்துக்கொண்டிருந்தது. பெயிண்டுக்கு வேண்டிய நிறப்பொடிகளை அரைத்து, கலந்து, மூட்டை கட்டி அனுப்பும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு லீவு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவதுதான் வேலை. சொந்த ஊர் திருவள்ளூர். அப்பாவும் சித்தப்பாவும் கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர்கள். குளிக்காமல் காபி கூடத் தொடாத வீடு. அந்தச் சுத்தத்தை நான் ரயில் ஏற்றி கும்மிடிப்பூண்டி வரைக்கும் கொண்டுபோயிருந்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு மைல் தள்ளி ஒரு மருந்தகம் இருந்தது. என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டு, மிக்ஸ்சர் என்ற தண்ணீர் மருந்துக்கு வீட்டிலிருந்து காலி பாட்டிலும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் வேலை முடிந்த கையோடு, உடம்பெல்லாம் பொடியோடு போவார்கள். வாசலில் இருந்த சிப்பந்தி அவர்களை உள்ளே விடமாட்டார். பெஞ்சு அழுக்காகும், சுவர் அழுக்காகும் என்று மரத்தடியில் நிற்கவைப்பார். கூப்பிட்டதும் வாசற்படியில் நின்றபடியே வியாதியைச் சொல்லிவிட்டு மருந்து வாங்கி வர வேண்டும். பெரும்பாலானவர்கள் அதுவரை கழனியில் கூலிவேலை செய்துவிட்டு, முதல் தடவையாக மாதச் சம்பளத்துக்கு வந்தவர்கள். நிற்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் நானே ஒரு சட்டம் போட்டேன். குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால்தான் சீட்டு.

அது பலித்தது, அதுதான் கஷ்டமே. தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு போனவர்களைச் சிப்பந்தியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டாக்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "சார் நம்மள மாப்ளயாக்கி இல்ல அனுப்புறாரு" என்று கேலி செய்வார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வயதில் என்னைவிடப் பெரிய சீர்திருத்தவாதி அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலவைப் பிரிவில் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சிவப்புப் பொடி மூட்டைகளைப் பிரித்து டிரம்மில் கொட்டுவது அவர் வேலை. மனைவி அதே தொழிற்சாலையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு என்று கணவர் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். மருந்தகத்துக்கும் அதுதான்.

அவருக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. நான் 'வயிற்று வலி' என்று சீட்டு எழுதுவேன். காரத்தைக் குறை என்று சொல்லி டாக்டர் மிக்ஸ்சர் கொடுப்பார். பத்து நாள் கழித்து இவர் மறுபடியும் வருவார். லீவுக்காக வலிக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்ல ஆரம்பித்தார். நானும் பாதி நம்பினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு தடவை குழாயடியில் குளித்துவிட்டு வந்தவர், வெள்ளைச் சட்டையைத் திறந்து போட்டபடி என் மேஜை முன்னால் நின்றார்.

"பொத்தான் போட வரல சார். வெரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

நான் சிரித்தேன். "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் ஒருத்தர் போட்டு விடணுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய், மேலிருந்து கீழ்வரை ஐந்து பொத்தான்களையும் நானே போட்டுவிட்டேன். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த தடவையும் போட்டுவிட்டேன். அப்போது கேட்டார்.

"இந்தக் கை சமாச்சாரத்த டாக்டராண்ட சொல்லட்டுமா சார்?"

"வயித்து வலிக்குன்னு போற. கையையும் சேர்த்துச் சொன்னா, வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதித் தொலைச்சிடப் போறார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா" என்றேன். அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். சத்தியமாக நல்லதுக்குத்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். கலவைப் பிரிவிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், டிரம்முக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். முகம், முடி, இமை எல்லாம் சிவப்புப் பொடி. வேர்வையில் குழைந்து வழிகிறது. அந்த நேரத்தில் என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ரெண்டு வாளித் தண்ணி கொண்டாங்க, கழுவி விட்டுக் கூட்டிண்டு போலாம்."

அவர் மனைவி சாக்கு ஊசியைக் கீழே எறிந்துவிட்டு வந்தார். "இன்னா சார் பேசறே? உசுரு போய்க்கினு கீது, குளிப்பாட்டணுமா? குளிப்பாட்டறதெல்லாம் செத்த பொறவு செஞ்சிக்கலாம். தூக்குங்க!"

மூட்டை ஏற்றும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். என் கையில் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சிப்பந்தி வழியை மறித்தார். அந்த அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் கணவனைக் கிடத்தச் சொன்னார். விரிப்பு சிவப்பாகிவிட்டது.

டாக்டர் வந்து, நாடியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த விரிப்பைத்தான் பார்த்தார். பொடியை விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"இது என்ன?"

"செவப்புப் பொடி டாக்டர். தெனமும் இத்தத்தான் கொட்டிக்கினு கீறாரு" என்றார் அந்த அம்மா.

"மூட்டையில் என்ன எழுதியிருக்கும்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். மூட்டைகள் வந்து இறங்கும்போது பதிவேட்டில் எழுதுகிறவனே நான்தானே. "ரெட் லெட்" என்றேன். ஈயம்.

டாக்டர் அவர் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரமாகக் கரியால் கோடு போட்ட மாதிரி இருந்தது. பிறகு கையைத் தூக்கச் சொன்னார். முன்கை எழுந்தது, மணிக்கட்டு தொங்கியது. "இது எப்போதிலிருந்து?"

அவரால் பேச முடியவில்லை. பதில் என்னிடம்தான் இருந்தது. "மூணு வாரமா, டாக்டர். நான்தான் பொத்தான் போட்டு விட்டேன்" என்றேன். அவமானத்தில் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது.

டாக்டர் அலமாரியிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் மேலே 'வயிற்று வலி' என்று என் கையெழுத்து. கீழே மிக்ஸ்சர் என்று அவர் கையெழுத்து. "என்ன வேலை என்று நான் ஒரு தடவை கூடக் கேட்கவில்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அவ்வளவு சுத்தமாக வந்து உட்கார்ந்தாரே!"

"நீங்க கேக்கல, இவரு சொல்ல உடல" என்றார் அந்த அம்மா. அதில் கோபம்கூட இல்லை.

ஈயம் மூச்சிலும் சோற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது, இன்னும் சில வாரம் போயிருந்தால் மூளையைப் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே அவரைச் சென்னைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். பிழைப்பாரா என்று தெரியாமல் நான் கழித்த அந்த முதல் வாரம் எதிரிக்கும் வரக் கூடாது. பிழைத்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் இங்கே பல விஷயங்கள் மாறின. டாக்டரே தொழிற்சாலைக்கு வந்து, ஒவ்வொரு பொடியும் உடம்பில் எங்கே போய் உட்காரும் என்று விளக்கினார். பொடிக் கையோடு நாஷ்டா சாப்பிடக் கூடாது, மூக்குக்குத் துணி கட்ட வேண்டும் என்றார். நான் சீட்டில் வியாதியோடு அவரவர் தொடும் பொருளையும் எழுத ஆரம்பித்தேன். சிலர் ஒரு சிட்டிகைப் பொடியைக் காகிதத்தில் மடித்தே எடுத்துப்போனார்கள். வாய் திறக்காதவர்கள் எல்லாம் கேள்வி கேட்டார்கள். இந்த மாத்திரை எதுக்கு, எத்தனை நாளைக்கு, நிறுத்தினால் என்ன ஆகும். "ஒரு சீட்டு, ஒம்பது கேள்வி. பெரிய பேஜாரு சார்" என்று சிப்பந்தி என்னிடம் வந்து புலம்பினார். அழுக்கோடு போனாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். கலவைப் பிரிவு வேண்டாம் என்று வாசல் கேட்டில் வேலை கொடுத்திருந்தார்கள். முகம் தெளிந்திருந்தது, வலது கை மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. முதல் நாளே மருந்தகத்தில் காட்டிவிட்டு வரச் சீட்டுக் கேட்டு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. கீழே இரண்டு பொத்தான் கோணல்மாணலாகப் போட்டிருந்தது. மேலே மூன்றும் திறந்திருந்தன. என்ன மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், பழைய பழக்கத்தில் எழுந்து போய்ச் சட்டையைத் தொட்டேன்.

அவர் மெதுவாக என் கையைப் பிடித்து விலக்கினார். "வேணாம் சார். எது வருது எது வரலன்னு டாக்டர் பாக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது, மாதம் ஒரு முறை டாக்டரிடம் போகிறேன். மகள் எடுத்துவைக்கும் சலவைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும், நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்தத் திறந்த சட்டை நினைவுக்கு வருகிறது; எது எனக்கு முடியவில்லையோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.