முப்பத்திரண்டு நகல்கள்

அன்று சித்தூர் ஆபீஸில் இருந்தவர்கள் நான்கு பேர். மனைகளுக்கு லேஅவுட் போட்டுக் கொடுக்கும் அந்த ஆபீஸின் முதலாளி. வரைபடம் போடும் அக்கா, புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். சர்வரைப் பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர்காரர், திருப்பதியிலிருந்து வரவழைத்திருந்தோம். நான்காவது நான். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பிரிண்டருக்குப் பேப்பர் சுருள் மாட்டுவதும் சர்வரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

காணாமல் போனது பாகாலா பக்கத்து மாந்தோப்பு ஒன்றின் அளவுகள். பத்து நாளுக்கு முன் பழைய ஃபோல்டர்களைக் கழிக்கும்போது அக்கா அதையும் சேர்த்து அழித்துவிட்டார். ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று எல்லோரும் தைரியமாக இருந்தோம். தினம் இரவு சர்வர் தன்னிடம் உள்ள ஃபைல்களை அந்த நேரத்தில் இருந்தபடியே ஒரு நகல் பிடித்து வைத்துக்கொள்ளும். முப்பத்திரண்டு நகல் வரை நிற்கும். அதற்கு மேல் ஒன்று வந்தால் இருப்பதிலேயே பழையது போய்விடும்.

கம்ப்யூட்டர்காரர் பட்டியலைத் திறந்தார். முப்பத்திரண்டும் இருந்தன. எல்லாமே முந்தைய மூன்று நாளில் எடுத்தவை.

இரவில் தானாக எடுத்த இரண்டு மூன்றைத் தவிர எல்லாம் எடுத்தது நான். கையால் எடுக்கவும் ஒரு பட்டன் உண்டு. சர்வரில் விளக்கு மினுங்கினால் அழுத்துவேன். சாப்பிடப் போகும் முன் ஒன்று, வந்ததும் ஒன்று. ஏதாவது போய்விடுமோ என்ற பயம். பழையது வெளியே விழும் என்று பொருத்திய அன்றே அவர் சொல்லியிருந்தார். புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். திரும்பக் கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே.

“பழசு எதுவும் இல்ல சார்,” என்றார் அவர்.

முதலாளி அக்காவிடம் திரும்பினார். “ஏம்மா, அழிக்கறப்ப கண்ணு எங்க இருந்துச்சு? திரும்ப அளக்கணும். அளக்கற மிஷின் வாடகைய யாரு கட்றது, உங்க நைனாவா?”

“ரெண்டு ஃபோல்டரும் ஒரே மாதிரி இருந்துச்சு சார்…”

“சம்பளத்துல புடிச்சுக்கறேன். இனிமே சர்வர் பக்கம் வராத.” என்னைக் காட்டினார். “பாஸ்வேர்ட் இவங்கிட்ட மட்டும் இருக்கட்டும். பயந்தவன், எதையும் தொடமாட்டான்.”

நான் பிரிண்டரைத் திறந்து, சரியாகவே இருந்த சுருளைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியில் கம்ப்யூட்டர்காரர் என்னை நிறுத்தினார். “ரெண்டு மூணத் தவிர எல்லாத்து பக்கத்துலயும் கையால எடுத்ததுன்னு போட்டிருக்குது. நான் சொல்லல. நீயே சொல்லிடு.”

“சொல்றேன்ணா,” என்றேன். சொல்லவில்லை.

தோப்பை மறுபடி அளக்க நான்கு நாள் ஆயிற்று. அளவுக் கம்பு பிடிக்க அக்காவையே அனுப்பினார் முதலாளி. நான் ஏசியில் உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் மாலை அக்கா முகமெல்லாம் கறுத்துப்போய் வந்தார். “புது அளவு இந்தா, சர்வர்ல ஏத்திடுடா. நீதான் பத்திரமா பாத்துக்கினு இருக்கணும்.”

அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பழைய நகலையெல்லாம் நான்தான் அழுத்தி அழுத்தித் தள்ளிவிட்டேன் என்று சொன்னேன்.

அக்கா பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“அன்னிக்கு நான் திட்டு வாங்கிக்கினு இருக்கசொல்ல, நீ பேப்பர் மாட்டிக்கினு இருந்தியே.”

புத்தூர் பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். “அழிச்சது நானு. பாதி என்னுது. மீதிய நீ குடு. சார்கிட்ட சொல்றது உன் இஷ்டம்.”

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருக்கிறது. விளக்கு மினுங்கினால் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். சம்பளம் வாங்கிய அன்று ஐந்நூறு ரூபாயை மடித்து அக்காவின் கீபோர்டுக்கு அடியில் வைப்பேன். என்னைப் பார்க்காமல் எடுத்துக்கொள்வார். மிஷின் வாடகை பன்னிரண்டாயிரம், அதில் என் பாதி ஆறாயிரம். ஐந்து மாதம் கொடுத்தாயிற்று. பாக்கி மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.