ஓரம் தெரியல

தன் வண்டிக்கு என்ன கோளாறு என்று தானே கண்டுபிடித்துக்கொண்டு வருகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. 'பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க' என்று அதிகாரம் பண்ணுவார்கள். எல்லாம் தெரிந்தவர் என்னிடம் எதற்கு வர வேண்டும்? முப்பது வருடமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். என்ன ஆகிறது என்று மட்டும் சொன்னால் போதும், ஏன் ஆகிறது என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வகையில் வால்வு அண்ணன் தங்கமான மனிதர். குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, தெருத்தெருவாக வால்வைத் திறந்து மூடுகிற வேலை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் எங்கேயாவது இருக்கும், எங்களுக்கெல்லாம் வால்வு அண்ணன்தான். முதல் தடவை அந்தக் கிழட்டு மோட்டார் சைக்கிளோடு வந்தபோது ஒரே ஒரு வரிதான் சொன்னார்.

"தம்பி, லைட்டு போட்டும் ஓரம் தெரியல."

ஓரம் தெரியவில்லை என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். வெளிச்சம் ரோட்டின் ஓரத்தில் விழவில்லை. ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்துப் பார்த்தேன். லைட் அணைந்தது. நேராக்கினேன், எரிந்தது. பார்வைக்கு வயர் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்துப் பக்கம் மடங்கி மடங்கி, உறைக்குள்ளே செம்புக் கம்பி அறுந்து போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். வந்த அன்றைக்கே பிடித்துவிட்டேன் பார் என்று எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"எரியுது தம்பி, நல்லா எரியுது. ஓரம் மட்டும் தெரியல."

அடச்சே என்றாகிவிட்டது. பல்ப் ஹோல்டரைக் கழற்றினேன், உள்ளே பச்சையாகக் களிம்பு. சுரண்டித் துடைத்துப் போட்டேன். அடுத்த தடவை எர்த் வயர் போல்ட்டில் துரு. அதற்கடுத்த தடவை சுவிட்ச் கரி பிடித்திருந்தது. பழைய வண்டியில் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்காமல் போகுமா? ஒவ்வொரு தடவையும் "இதாண்ணே விஷயம்" என்பேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வலது கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. வண்டி ரிப்பேர் பண்ணுவேன், ஓட்டத் தெரியாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். வேறு கடைக்காரனாக இருந்தால் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பான். என் சோதனையெல்லாம் எதிர்க் குடோன் சுவரில்தான். சுவரில் வெளிச்சம் வட்டமாக, அகலமாக விழுந்தது. எனக்கு அது போதும்.

வேலை நடக்கும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பேசுவார். அம்மா அப்பா சீக்கிரமே போய்விட்டார்கள். பன்னிரண்டு வயது மூத்த அண்ணன்தான் வளர்த்தார். வெல்டிங் வேலைக்காரர். இந்த வண்டியே அவர் வாங்கியது. நாற்பது வயதில் அந்த அண்ணன் ஒருநாள் வேலையிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் தம்பியைத் தவிர யாரிடமும் பேசவில்லை. வைத்தியம் பார்த்து, கடைசியில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மனநல விடுதியில் சேர்த்தார்கள். இவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் "அண்ணன் உங்களோடயே வந்து இருப்பாரா?" என்று கேட்டார்களாம். "இருப்பாரு" என்றாராம். அதோடு கல்யாணப் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு விடுதிக் கதவு திறக்கும். இவர் போய் அண்ணனுக்கு முகம் மழித்துவிடுவார். வேறு யார் கை பட்டாலும் அண்ணன் கத்துவார். ஆறு மணி வரைக்கும் இரண்டு பேரும் பேசுவார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடும். மெயின் ரோட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே, பஸ்ஸும் கிடையாது. லைட் எரியாவிட்டால் சனிக்கிழமை இல்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் கடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட அவர் இடத்துக்கே போனேன். மோட்டார் அறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு ரூம். ஆணியில் வால்வு சாவிகள். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கட்டில் மட்டும் இரண்டு. ஒன்றில் படுக்கை சுருட்டியபடியே இருந்தது. சுவரெல்லாம் மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்துல எப்படிண்ணே தூங்குறீங்க?"

"சத்தம் இருந்தா பரவால்ல தம்பி. மோட்டார நிறுத்துனாத்தான் ஒரு மாதிரி இருக்கும்."

சண்டை போடப் போனவன் அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஏழாவது தடவையாக அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வழக்கம் போல ஓரம் தெரியவில்லை என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. லைட்டை எரிய விட்டு, மீட்டரை வைத்து, வயர் வயராக அளந்தேன். வோல்ட்டேஜ் ஒரு பொட்டுக் குறையவில்லை. வண்டியில் கோளாறே இல்லை.

டீ வந்தது. பெஞ்சில் இருந்தவரிடம் பக்கவாட்டிலிருந்து டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நேரே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை அவர் தோளை ஒட்டி ஆட்டினேன். பட்டப்பகல், கண்ணைக் கூசுகிற வெயில். அசையவில்லை. மெல்ல முன்னால் கொண்டு வந்தேன். மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் "அட, டீயா" என்று கை நீட்டினார்.

டம்ளரைக் கொடுத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"அண்ணே, கோளாறு வண்டியில இல்ல. உங்க கண்ணுல."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"ரெண்டு மாசம் முன்னாலயே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஓரத்துப் பார்வை போச்சாம். போனது வராதாம். மிச்சத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்காங்க. வண்டியத் தொடவே கூடாதுன்னுட்டாங்க."

"அப்புறம் என்ன கருமத்துக்குண்ணே என்கிட்ட வந்தீங்க?" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் டீயை ஊதினார். "டாக்டர் கண்ணுன்னாரு. நீங்க ஒவ்வொரு வாட்டியும் வண்டின்னீங்க. எனக்கு உங்க பேச்சுதான் பிடிச்சிருந்துச்சு."

அவரே மேலே சொன்னார். போன சனிக்கிழமை திரும்பி ஊரை நெருங்கும்போது, பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒரு பெண்ணைப் பார்க்கவே இல்லையாம். ஹேண்டில் உரசி அந்தப் பெண் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். அடி பலமில்லை. அவளைத் தூக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்.

"யாரையாவது கொண்டுபோய் விடச் சொல்லலாம்ணே" என்றேன்.

"ஒரு வாரம் வருவாங்க, ரெண்டு வாரம் வருவாங்க" என்றார். நானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் முடியாது. எனக்கு என் கால் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

என் போனை வாங்கி விடுதிக்குப் பேசினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் வந்தார் போலிருக்கிறது. "அண்ணே, நாளைக்கு வர முடியாதுண்ணே. வண்டி ரிப்பேரு. லைட்டு எரியல." சொல்லும்போதே குரல் உடைந்தது. "மெக்கானிக் பக்கத்துலதான் இருக்காரு" என்று சட்டென்று போனை என் காதில் வைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கரகரப்பாக ஒரு குரல்.

"பழைய வண்டியாச்சே. சாமான் கிடைக்குமா?"

"தேடிக்கிட்டிருக்கேண்ணே" என்றேன்.

"கிடைக்கிற வரைக்கும் அவன வண்டி எடுக்க விடாதீங்க."

"என்ன சொன்னாரு?" என்றார் வால்வு அண்ணன். சொன்னேன். "அண்ணன் சொல்லிட்டாருன்னா சரிதான்" என்று சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசல் நிலையில் தோள் இடித்தது. சமாளித்துக்கொண்டு தெருவோடு நடந்து போனார்.

இப்போது சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு என் போன் அடிக்கிறது. யாரிடமும் பேசாத அந்த மனிதர், சாமான் கிடைத்ததா என்று என்னிடம் கேட்கிறார். இல்லைண்ணே, இன்னும் வரல என்கிறேன்.