கல்லூரி என்றொரு சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. அவளுக்கு ஐந்து மாடி, லிஃப்ட், வாசலில் செக்யூரிட்டி எல்லாம் இருக்கிறது. ஊரில் அவளைத் தனியார் மருத்துவக் கல்லூரி என்பார்கள்.

என் வீட்டுக்காரர் அங்கே உடற்கூறியல் பேராசிரியர். இறந்த உடலை அறுத்துக் காட்டிப் பாடம் சொல்லும் வேலை. அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு அவர் அங்கே சேர்ந்தபோது ஒரு தகர ஷெட்டும் சுற்றிலும் வாழைத்தோட்டமும்தான் இருந்தன. ஷெட்டில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. காய்ச்சலுக்குக்கூட ஆட்கள் திருநெல்வேலிக்குத்தான் பஸ் ஏறினார்கள். இவர் வாசுதேவநல்லூர், செங்கோட்டை என்று ஊர் ஊராக முகாம் போட்டு நோயாளிகளைக் கூட்டி வந்தார். மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது தூங்குவதற்கு மட்டும்தான். சட்டையில், பிணம் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் வாடை அடிக்கும். வேறொருத்தியின் செண்ட் வாடை என்றால் கேட்டுச் சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போட?

குற்றாலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். சீசனில் எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வந்து குளிக்கிறார்கள். சாரல் தொடங்கும்போதுதான் அவருக்குக் கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை வந்து சேரும். அருவிப் பக்கம் நாங்கள் போவதே நின்றுபோனது.

ஹாஸ்டல் எழுந்தது, நர்சிங் கல்லூரி வந்தது, வாழைத்தோட்டம் போன இடம் தெரியவில்லை. முதல் பேட்ச் பிள்ளைகள் பட்டம் வாங்கியபோது மேடையிலேயே அழுதார். எங்கள் மகள் கல்யாணத்தில் கண் கலங்காத மனுஷன் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் படிப்பதற்கு உடல்கள்தான் கிடைக்கவில்லை. உடல்தானம் செய்யச் சொல்லி எங்கேயோ பேசப்போன இடத்தில், முதலில் நீங்கள் கொடுங்கள் சார் என்று கேலி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

“ஏட்டி, நான் செத்தா எரிச்சிராத. காலேஜுக்குக் குடுத்துரு.”

“இருக்கையிலயும் அவளுக்கு, செத்தாலும் அவளுக்கா?”

“நீ பொறாமப்படுத” என்று சிரித்தார்.

ஆமாம், பொறாமைதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்த அன்று கல்லூரி வண்டி வாசலில் வந்து நின்றது. கொள்ளி வைக்காமல் அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவருடைய அண்ணன் என்னிடம் மன்றாடினார். நான் சம்மதிக்காவிட்டால் எடுத்துப்போக மாட்டார்களாம். இத்தனை வருஷத்தில் அன்றுதான் சக்களத்தியின் குடுமி என் கையில் இருந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். கிடத்தியிருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கொண்டுபோகச் சொன்னேன். கரைப்பதற்குச் சாம்பல்கூட எனக்கு மிஞ்சவில்லை.

அந்த வருஷப் பாடம் முடிந்ததும், உடல் கொடுத்தவர்களுக்குப் பிள்ளைகள் பூ வைத்து வணங்கும் நாள் என்று என்னை அழைத்தார்கள். தன் உடல் இன்னாருடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று அவரே சொல்லிவைத்திருந்தாராம். ஒரு மாணவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இதயம் எவ்வளவு பெரிசு, எந்தக் குழாய் அடைத்திருந்தது என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. காலமெல்லாம் கூடவே கிடந்தவள் ஒன்றும் தெரியாமல் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சாரோட தோள்ல பிறை மாதிரி ஒரு சின்னத் தழும்பு இருந்துச்சும்மா. என்னன்னு எங்க யாருக்குமே பிடிபடல. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். அது வந்த அன்று நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம்.

தெரியாதே அம்மா என்றேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் சொல்வதாக இல்லை.