நிற்காத சைரனும் நகராத ஊரும்

கமென்ரித் ஊரில் யாரும் மேயருக்குப் பயப்படுவதில்லை, போலீசுக்கும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் ஸ்லாவ்காவின் வாய்க்குத்தான்.

சுல்தானை எதிர்த்துக் கிளம்பிய புரட்சிக்காரன் பெத்கோ ஓர்லினின் வீடு எங்கள் சதுக்கத்தின் மூலையில் இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். அங்கே டிக்கெட் கிழிப்பது, தரை துடைப்பது, கதை சொல்வது, வருகிறவர்களை வைவது எல்லாமே ஸ்லாவ்காதான். உள்ளே போகிறவர்கள் துணிச்செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். அலமாரிக்குப் பின்னால், ஓர்லின் ஒளிந்திருந்த சுவர்ப்பொந்துக்குள் ஒவ்வொருவராக நுழைந்து நின்று பார்க்க வேண்டும். எலி காதைக் கடித்தபோதுகூட ஓர்லின் மூச்சு விடவில்லை என்று அவள் சொல்வாள். அந்த எலி எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கு தைரியம்? சுற்றுலாக் கையேட்டில் முத்திரை வாங்க மட்டும் ஓடி வருகிறவர்கள்தான் பாதிப் பேர். பொந்துக்குள் போகாதவனுக்கு முத்திரை கிடையாது.

இப்படி நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் வாயில் வரவில்லை. எலக்ட்ரீஷியன் ரஷ்கோ மனைவியை இழந்தவன், சாது. எரிந்துகொண்டிருக்கும் பல்பைக் கழற்றிவிட்டு இன்னொன்று மாட்டுவதற்காக வாரத்தில் பாதி நாள் அருங்காட்சியகத்துக்கு வருவான். எதற்கு வருகிறான் என்று ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் ரெண்டு பேரும் கல்லுளிமங்கன்கள். ஸ்பெயினிலிருக்கும் ரஷ்கோவின் மகள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒருநாள் வந்து, "நாளைக்கு மத்தியான பஸ்ல கிளம்பறேன் ஸ்லாவ்கா, இனிமே அங்கதான்" என்றான். அதற்கு நம் மகராசி சொன்ன பதில்: "ஷூவைத் தொடச்சிட்டு உள்ள வா."

அவன் உள்ளே வரவில்லை, போய்விட்டான். அவள் விடிய விடிய அழுதாள்.

அவன் சொன்ன அந்த 'நாளைக்கு' என்பது ஜூன் இரண்டு. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்காக நண்பகலில் சைரன் ஒலிக்கும் நாள். அது ஓயும்வரை, எங்கே இருந்தாலும் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். மற்ற ஊர்களில் சும்மா நிற்பார்கள். எங்கள் ஊரில் கல்லாக நிற்போம், காரணம் ஸ்லாவ்கா. ஒருமுறை ஈ ஓட்டக் கையைத் தூக்கிய மேயரை, "உன் மூக்குல உக்காந்த ஈக்காகவா ஓர்லின் தூக்குல தொங்கினான்?" என்று சதுக்கத்தில் வைத்துக் கிழித்துவிட்டாள். போன வருஷம் ரஷ்கோ சைரன் சுவிட்சைப் போட்ட கையோடு ஏணிமேல் ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, சைரன் ஓயும்வரை அப்படியே நின்றான். "ஊர்லயே மனுஷன்னா நீதான்" என்றாள். அவள் அவனுக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

வாசகசாலைக் கூரைமேல் இருக்கும் அந்தப் பழைய சைரனைப் போடுவதும் நிறுத்துவதும் ரஷ்கோதான். தான் போன பிறகும் அது ஒலிக்க வேண்டுமே என்று இந்த வருஷம் அதற்கு ஒரு டைமர் மாட்டிவிட்டிருந்தான்.

டைமர் நேரத்துக்குச் சரியாகத்தான் போட்டது. நிறுத்த மட்டும் மறந்துவிட்டது.

அப்போது ஸ்லாவ்கா, ருசே நகரத்திலிருந்து வந்த ஒரு பருத்த பல் டாக்டரைப் பொந்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் பாதி உள்ளே, பாதி வெளியே. ஜன்னல் வழியாகச் சதுக்கம் தெரிந்தது. பஸ் டிரைவர் ஸ்தோயில் வாயில் கவ்விய பனீட்சாப் பலகாரத்தோடு பஸ் வாசலில் நின்றான். அவன் பக்கத்தில் ரஷ்கோ, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான்.

வழக்கமாக ஓயும் நேரம் தாண்டியும் சைரன் ஒலித்தது. மேயரின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. ஊர் நாயெல்லாம் சேர்ந்து ஊளையிட்டது.

"அம்மா, நான் கொஞ்சம் வெளியே..." என்றார் டாக்டர் உதட்டை அசைக்காமல்.

"மூச்!" என்றாள் ஸ்லாவ்கா.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சைரன் ஒலிக்கிறவரை பஸ் கிளம்பாதே! ஒலிக்கட்டும், சாயங்காலம்வரை ஒலிக்கட்டும். அப்புறம்தான் உறைத்தது. சைரனை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் ரஷ்கோ. சைரன் நிற்காமல் அவன் நகர மாட்டான். அவன் நகராமல் சைரன் நிற்காது. அவனை அப்படிக் கட்டிப்போட்டதே அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். இதற்குள் வாசகசாலைக் கூரையிலிருந்து புகை கிளம்பிவிட்டது. மோட்டார் கருகி, தானாக நின்றுபோகும். நின்றதும் பஸ் போய்விடும்.

"அட, நாசமாப் போக!" என்றாள் ஸ்லாவ்கா. யாரை வைதாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு அவள் நகர்ந்தாள்.

துணிச்செருப்போடு படியிறங்கி, சதுக்கத்தின் நடுவே நடந்தாள். ஊரே பார்த்தது. யாராலும் கண்ணைத் தவிர வேறெதையும் அசைக்க முடியவில்லை. மேயரின் கண் அவளோடு கூடவே வந்தது. வெட்கத்தில் அவள் காது சிவந்துவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை. ரஷ்கோவின் எதிரே போய், அந்த அலறலுக்கு நடுவில் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அவன் இமைகூட அசைக்கவில்லை.

"யோவ், உன்கிட்டதான் பேசறேன்!"

ம்ஹூம். வேறு வழியில்லாமல் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு வந்தான். நிற்கிற ஊருக்கு நடுவே புகுந்து, வாசகசாலைப் படியேறிக் கூரைக்குப் போனார்கள். அவன் புகைக்குள் கையை விட்டு ஒரு கம்பியைப் பிடுங்கினான்.

சைரன் நின்றது. இலை அசைந்தால்கூடக் கேட்கிற அமைதி.

"இப்ப சொல்லு," என்றான் ரஷ்கோ. "கீழ நீ சொன்னது ஒண்ணுமே கேக்கலை."

"என்னது?"

"சைரன் சத்தம்ல."

ஸ்லாவ்கா கீழே எட்டிப் பார்த்தாள். சைரன் நின்றும் ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"போய் வேலையைப் பாருங்களேன்!" என்று கத்தினாள். யாரும் அசையவில்லை. இந்த ஊரை நிற்கப் பழக்கியது யார்?

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரே கேட்கச் சொன்னாள். "போகாத ரஷ்கோ. நீ இல்லாம என்னால முடியாது. நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரலை. நான் ஒரு கிறுக்கி. என்னைக் கட்டிக்கிறியா, இல்லையா?"

 புகைக்கரி ரஷ்கோவின் முகமெல்லாம் அப்பியிருக்க, கண்ணீர் அதில் கோடு போட்டு இறங்கியது.

கீழே ஸ்தோயில் ஹாரன் அடித்தான். "ரஷ்கோ அண்ணே! வர்றியா, இல்லையா? எனக்கு நேரமாச்சு!"

ரஷ்கோ கூரை விளிம்புக்குப் போனான். ஆயுசில் அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"வரலைடா!" என்று கத்தினான். "நீ போ!"