குழாய்க்காரரின் கிளட்ச்

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறார். முந்தின நாள் மாலையில் வண்டியின் கிளட்ச் லிவரைக் கைப்பிடியோடு ஒட்ட இழுத்து, கட்டுத்துணியால் மூன்று சுற்றுச் சுற்றி வைத்தது. இரவு முழுக்க லிவர் அமுங்கியே இருந்தால் எண்ணெய்க் குழாயில் மாட்டிய காற்று மெல்ல மேலே ஏறி வெளியேறிவிடும் என்பது அவர் கணக்கு. துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லிவரை மூன்று தரம் அமுக்கிப் பார்க்கிறார். மூன்றாவது அமுக்கில் கொஞ்சம் இறுக்கம் கிடைக்கிறது. "இன்னைக்குப் பொழைச்சோம்" என்கிறார், யாரையும் பார்க்காமல்.

எல்லாரும் அவரைக் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்தேழு. மலைமேல் இருக்கும் தொட்டியிலிருந்து ஊருக்கு இறங்கும் தண்ணீர்க் குழாயில் ஏழு வால்வுகள். அந்தந்த நேரத்துக்குத் திறந்து மூட வேண்டியவர் அவர். பாதை என்று சொன்னால் பாதைக்கே கூச்சமாக இருக்கும், உருட்டுக்கல்லும் சேறும்தான். சாதாரண வண்டி முதல் வளைவிலேயே படுத்துவிடும். அதனால் உயரமான, ஒல்லியான, முரட்டுப் பல் டயர் வைத்த, மலையேறும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார். வண்டி அவருடையது. பெட்ரோலும் எண்ணெயும் அலுவலகக் கிடங்கிலிருந்து வரும்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் அந்த வீட்டுக்கு எட்டு மாதமாகப் போகிறேன். அவர் மனைவிக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. கை கால் இரண்டும். வாய் விழவில்லை. மருந்துக்கடையில் இருபது வருடம் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தவர். காலை ஆறுக்கு நான் நுழையும்போது குழாய்க்காரர் கிளம்புவார். பதினொன்றுக்கு அவர் திரும்பினால் நான் அடுத்த வீட்டுக்குப் போவேன். அதன் பிறகு தூக்குவது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர். மாற்றுக்கு ஆள் இல்லை. மகள் கடல் தாண்டி இருக்கிறாள், போனில் அழுவாள்.

அவருடைய இடது முன்கை வலதைவிடப் பருத்திருக்கிறது. ஒன்பது வருடம் லிவரோடு மல்லுக்கட்டியதன் பலன். அந்தக் கை சும்மா இருக்காது. தேநீர் டம்ளரைப் பிடித்திருந்தாலும் மூன்று அமுக்கு. கட்டில் கம்பியைப் பிடித்தாலும் மூன்று அமுக்கு. ஒருநாள் மனைவியின் முழங்கையைப் பிடித்து அப்படி அமுக்க, "நான் வண்டி இல்லீங்க, கியர் எல்லாம் விழாது" என்றார் அந்தம்மா.

கோளாறை அவர் விளக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். கைப்பிடியில் ஒரு சின்ன சிலிண்டர், எஞ்சின் பக்கத்தில் இன்னொன்று, நடுவில் எண்ணெய் நிறைந்த ரப்பர் குழாய். மேலே அமுக்கினால் கீழே தள்ள வேண்டும். "மேல்வீட்டுக்காரன் கத்துறான், கீழ்வீட்டுக்காரன் காதுலயே வாங்க மாட்டேங்கிறான். எஞ்சின் சூடாயிட்டா சுத்தமா செவிடு." கீழ் சிலிண்டரில் எண்ணெய் கசிந்து காற்று புகுந்துவிடுகிறது. அப்புறம் லிவர் பஞ்சு மாதிரி. கிளட்ச் விடாது, கியர் மாறாது, சரிவில் வண்டி தானாகத் துள்ளும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சிலிண்டரின் ரப்பர் சீலை மாற்றுவார். கழற்றிய சீல்களை எறிவதில்லை. ஒரு கம்பி வளையத்தில் கோத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். "செத்தவங்க லிஸ்ட்" என்பார். நான் எண்ணியபோது பத்தொன்பது இருந்தன.

போன மாதம் இரண்டு தடவை நடுமலையில் வண்டி நின்றுபோய், ஐந்தாவது வால்வு நேரம் தவறித் திறந்தது. ஊரில் பாதிக்குத் தண்ணீர் இல்லை. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவந்து மேலதிகாரி முன்னால் மலையேற்றிக் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் மலைவேலை வேறொருவருக்கு, இவருக்குப் பம்ப் நிலையம், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. அப்படியானால் அந்தம்மாவை ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டியதுதான். அந்த இல்லங்களில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாற்பது பேருக்கு மூன்று பேர் என்றால், மணிக்கணக்கில் யாரும் புரட்டிப்போட மாட்டார்கள். முதுகில் புண் வரும். இது மூன்று பேருக்கும் தெரியும்.

குழாய்க்காரர் இரண்டு நாள் விடுப்புப் போட்டார். வேறொரு கம்பெனி செய்த, பழையதைவிட உறுதியான கீழ் சிலிண்டர் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். அதோடு கம்பி பின்னிய புதுக் குழாய், மேல் சிலிண்டருக்கு ரப்பர்கள், உபரியாக ஒரே ஒரு சீல். சனிக்கிழமை காலை மனைவியின் மாத்திரைத் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்; திங்கள் அறையில் திருகாணி, செவ்வாய் அறையில் வாஷர் என்று பரப்பினார்.

என்னிடம் பெரிய சிரிஞ்ச் ஒன்று கேட்டார். "பழசு இருந்தாலும் போதும்க்கா."

"பழசு தர மாட்டேன். புதுசு இருக்கு, பிரிச்சுத் தர்றேன்."

கீழிருந்து மேலாக எண்ணெயைச் சிரிஞ்சால் ஏற்றினார். காற்று தானே மேலே போகும், நல்ல யோசனை. புதுக் குழாயை மாட்டவில்லை. அதற்குப் பெட்ரோல் டேங்கைக் கழற்ற வேண்டும். "பழைய குழாய் நல்லாத்தான் இருக்கு. முதுகு கேட்க மாட்டேங்குது" என்றார். ஒன்பதரைக்கு வேலை முடிந்துவிட்டது. லிவர் கெட்டியாக நின்றது. முதல் அமுக்கிலேயே. அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

சிலிண்டர் வந்த பெட்டியில் மடித்துச் செருகிய ஒரு தாள் இருந்தது. அதைத் தேநீர் டம்ளருக்கு அடியில் வைத்து மனைவியின் மேசைக்குக் கொண்டுவந்தார். எழுத்து இருந்தால் அந்தம்மா படிக்காமல் விட மாட்டார். டம்ளரை நகர்த்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டார்.

"ஏங்க, என்ன எண்ணெய் ஊத்தினீங்க?"

"எப்பவும் ஊத்துறதுதான். பிரேக் ஆயில். கிடங்குல அதானே தர்றாங்க."

"மினரல் ஆயில் மட்டும்னு போட்டிருக்கு. பிரேக் ஆயில் பட்டா சீல் ஊதிக் கெட்டுப்போகுமாம். பட்ட சாமான் எல்லாத்தையும் மாத்தணுமாம். தடிச்ச எழுத்துல போட்டிருக்கான்."

"இது வேற கம்பெனிக்காரன் சாமான். அவன் அப்படித்தான் எழுதுவான்."

"உங்க வண்டிக்கு இதேதான்னு வண்டி மாடலைப் போட்டு எழுதியிருக்கான். அந்த வளையத்தைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். உபரிச் சீலையும் கேட்டு வாங்கினார் அந்தம்மா. போர்வைமேல் ஒரு பழைய சீலை வைத்து அதன்மேல் புதியதை வைத்தார். ஒரே அளவாக இருக்க வேண்டியவை. பழையது வெளியே பிதுங்கித் தெரிந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நான்காவதற்குக் கை போனபோது குழாய்க்காரர், "போதும், விடு" என்றார்.

கைப்பிடியில் இருக்கும் சின்ன எண்ணெய்த் தொட்டியின் மூடியில் ஏதோ எழுதியிருந்ததாம். பழைய வண்டியாக வாங்கும்போதே பாதி தேய்ந்திருந்ததாம். ஆயில் என்ற சொல் மட்டும் தெரிந்ததாம்.

"ஒன்பது வருஷமா நானே விஷம் வச்சிருக்கேன்" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தம்மாவுக்கு அவரைத் திட்டப் பத்துச் சொல் நாக்கில் இருந்திருக்கும். "கடையில நானும் ஒரு தடவை சொட்டு மருந்தை மாத்திக் குடுத்திருக்கேன். காதுக்குப் போடறதைக் கண்ணுக்கு" என்றார். "அப்புறம்?" "அப்புறம் என்ன, ஓடிப்போய்த் திருப்பி வாங்கிட்டு வந்தேன். நீங்களும் எழுந்திருங்க."

மினரல் ஆயிலுக்கு எங்கே போவது? "எங்க கடையில இருந்துச்சு. மலச்சிக்கலுக்குக் குடுப்போம்" என்றார் அந்தம்மா.

"வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்ல. எல்லாம் தானா ஒழுகுது."

அடுத்த தெருவில் விலை உயர்ந்த சைக்கிள்கள் விற்கிற கடை இருக்கிறது. அந்தச் சைக்கிள் பிரேக்குக்கும் இதே எண்ணெய்தான் என்று தாளிலேயே எழுதியிருந்தது. நடந்தே போய் ஒரு பாட்டில் வாங்கிவந்தார்.

பிறகு எல்லாம் முதலிலிருந்து. அடுத்த வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டு அன்று நானும் அங்கேயே இருந்துவிட்டேன். டேங்கைக் கழற்றினார். பழைய குழாயை உருவி எறிந்தார். மேல் சிலிண்டரைப் பிரித்துக் கழுவி, உலர வைத்து, ரப்பர் மாற்றினார். காலையில்தான் போட்ட கீழ் சீலும் இரண்டு மணி நேரம் பிரேக் ஆயிலில் ஊறிவிட்டது. அதை எடுத்து உபரியைப் போட்டார். அது கிழிந்தால் வேறு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே தள்ளி உட்கார வைத்தார். நான் இன்னொரு சிரிஞ்ச் பிரித்துக் கொடுத்தேன். பிரேக் ஆயில் பட்ட முதல் சிரிஞ்சை யாரும் சொல்லாமலே அவர் குப்பையில் போட்டிருந்தார். நான் இருந்தும், நடுவில் இரண்டு தடவை அவரே உள்ளே வந்து, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, மனைவியைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போனார். டேங்கைத் திரும்ப மாட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

குளிர்ந்த எஞ்சினில் எந்தக் கிளட்சும் நல்ல பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மறுபடி வந்திருந்தபோது, மூன்றாவது வால்வுவரை ஏற்றிவிட்டு இறங்கிவந்தார். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்காமல் வண்டியை இரும்புப் பெட்டிமேல் ஏற்றினார். பின்சக்கரம் தரையில் படாமல் நின்றது. சூட்டில் கசிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பார்க்கும்போது லிவரை ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

"நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"நீங்க இருங்கக்கா."

உள்ளே போய் மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தித் தள்ளிக்கொண்டு வந்தார். வலது கை கைப்பிடிக்கு எட்டும்படி நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, பிரேக் போட்டார்.

"என்னை எதுக்குங்க?"

"இதைப் பிடி. விட்டுடாத."

"விட்டா?"

"சக்கரம் சுத்தும்."

"சுத்தி எங்க போகும்? பெட்டிமேல நிக்குது." என்றாலும் பிடித்தார். முழுக்கையால் பிடித்தவர், ஒரு நொடியில் இரண்டு விரலை விட்டுவிட்டு மீதி இரண்டால் பிடித்துக்கொண்டார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் முனகினீங்க?"

குழாய்க்காரர் காலால் கியரைப் போட்டார். டக்கென்று விழுந்தது. பின்சக்கரம் சோம்பலாக அசைய, செருப்புக் காலை வைத்தார், நின்றுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, கிளட்ச் முழுசாக விட்டிருந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அந்தம்மாவின் விரல் வெளுத்திருந்தது. மாற்றிப் பிடிக்கவா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார்.

குழாய்க்காரர் தரையில் முட்டி போட்டார். தலையைச் சாய்த்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தார். கையை உள்ளே விட்டு, சிலிண்டரின் அடிப்பக்கத்தைச் சுட்டுவிரலால் முன்னும் பின்னும் துடைத்தார். எழுந்திருக்க முயலவில்லை. முட்டிபோட்ட நிலையிலேயே அந்த விரலை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார். சூட்டில் சிவந்திருந்தது, எண்ணெய் ஒட்டாமல் காய்ந்திருந்தது.