நிக்காஹ்ல நான் எழுதிக் குடுத்த ஒரு வரி

இடது கையால தொட்டில் கயித்தை இழுத்துக்கிட்டே எழுதறேன். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற ஆம்பூர்ப் பொண்ணுங்களுக்கு ரெண்டு கையும் ரெண்டு வேலை செய்யும், வாய்க்கு மட்டும் லீவு. கல்யாணப் பேச்சு வந்தா அந்த லீவு இன்னும் நீளும். உங்களுக்கும் அப்படித்தானே?

அமுதாக்கா சொன்னது

கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடணும்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்களாம். எட்டாவதோட நின்ன எனக்கு அந்தத் தையல் மெஷின் ஒண்ணுதான் தெரிஞ்ச வித்தை. அழுதுக்கிட்டே தைச்சதுல ஒரு ஜோடி கோணிப் போச்சு. பொண்ணு நிக்காஹ்ல நிபந்தனை வைக்கலாம்னு பள்ளிவாசல் பயான் பேச்சுல கேட்டிருக்கேன், அதை எப்படிக்கா சொல்றதுன்னு பக்கத்து மெஷின் அமுதாக்காகிட்ட கேட்டேன். "வாய் வரலைன்னா கைதான் இருக்கே, எழுதிக் குடுடி."

மைக்குல என் சீட்டு

சீட்டை அண்ணன் மூலமா, நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத்துக்கு அனுப்பினேன். அவர் சபையில மைக்குலயே படிச்சிட்டார்: மணமகள் ஷூ கம்பெனி வேலைக்குப் போவதை மணமகன் தடுக்கக் கூடாது. உள் ரூம்ல முக்காட்டுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு. மாப்பிள்ளையோட மாமா எழுந்து, இது நிக்காஹா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரான்னார். இது மார்க்கத்துல ஆகுமான நிபந்தனைதான், ஒத்துக்க வேண்டியது மாப்பிள்ளைன்னு ஹஜ்ரத் சொல்லிட்டார். தோல் ஷாப்புல வேலை செய்யற மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. "எழுதிக்குங்க ஹஜ்ரத். நாங்க பதம் பண்ற தோலை யாராவது தைக்கணுமே."

எழுத மறந்தது

குழந்தை பிறந்து ஆறு மாசம் ஆனதும் திரும்ப வேலைக்குக் கிளம்பினேன். அவரோட அம்மா, என் மாமி, மறிக்கல. அமைதியா தொட்டிலைக் காட்டினாங்க. வேலைக்குப் போகலாம்னு எழுதியிருக்கு, பிள்ளையை யார் பாத்துக்கறதுன்னு எழுதலையேன்னாங்க. உண்மைதான், எனக்குத் தோணவே இல்லை. தோணியிருக்கும்னு சொல்ற பொண்ணு யாராவது இருந்தா கை தூக்குங்க.

மூணு நாள் வீட்டுலயே இருந்தேன். நாலாம் நாள், மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். அன்னைக்குத்தான் வாய் திறந்துச்சு. தடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டவர்தானே மாமி இந்தப் பிள்ளையைப் பெத்த அத்தா, அவரும் பாத்துக்கட்டுமேன்னு கேட்டுட்டேன். கேட்டுக்கிட்டிருந்த அவர் தலையைச் சொறிஞ்சிக்கிட்டு, மதியம் தொடங்குற ரெண்டாவது ஷிப்டுக்கு மாறிட்டார். அவர் கிளம்பி நான் வர்ற வரைக்கும் மாமி பொறுப்பு. "மூணு மணி நேரம்தான். அதுக்கு மேல தொட மாட்டேன், சொல்லிட்டேன்."

மாமி கொண்டுவந்த பேப்பர்

போன வாரம் நாத்தனாருக்கு மாப்பிள்ளை முடிவாச்சு. அவ நர்சிங் படிக்கிறா. மாமி பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னாடி வச்சாங்க. "படிப்பை நிறுத்தக் கூடாதுன்னு எழுது. எதையும் விட்டுடாம எழுது."

நிபந்தனை போட்டவளை வாயாடின்னு சொன்ன வீட்டுல இப்ப நிபந்தனை எழுதற ஆளே நான்தான். ஏழு வரி ஆச்சு, எட்டாவதா மாமியாருங்களைப் பத்தியும் ஒண்ணு போட்டுடலாம்னு பார்த்தா, மாமியே கூப்பிடறாங்க, நான் போய்ட்டு வந்து எழுதறேன்.