மேட்டுக்கு ஏறி வந்த பெட்ரோல்: தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிணறு

2007 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, மதுரையிலிருந்து கிளம்பினேன். கோயில் பார்க்க இல்லை, கிணறு பார்க்க! தாயில்பட்டிப் பக்கம் என் அக்கா வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு மாதமாகப் பெட்ரோல் வாடை. குடிக்கவும் இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்துக்கும் அந்த ஒரு கிணறுதான். “மண்ணப் போட்டு மூடப்போறேன் மாப்ளே, சனிக்கிழமை டிராக்டர் வருது” என்று மச்சான் போனில் சொன்னார். வாடை எங்கிருந்து என்று சோதிக்க ஆட்கள் வந்திருக்கும்போது மூடுவதா? தடுக்கத்தான் இந்தப் பயணம்.

மாட்டுத்தாவணியில் காலை 6.10 பேருந்து. விருதுநகருக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், 16 ரூபாய். விருதுநகரின் பேர்போன எண்ணெய் புரோட்டாவுக்கு அது நேரமில்லை. இட்லியைத் தின்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சிவகாசிக்கு 26 கிலோமீட்டர், 9 ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 5 ரூபாய், கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ 20.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “பெட்ரோல் கிணத்துக்கா போறீக? பீடி இருந்தா இங்கனயே போட்டுருங்க. உங்க அக்கா என்னையவே ரோட்டோட நிறுத்திட்டாக.”

அக்கா பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, வாசலில் காவல் நின்றாள். “ஏலே, நைலான் சட்டை போட்டு கல்யாணத்துக்கா வந்திருக்க? உரசுனா பொறி பறக்கும், கழட்டு. செல்போன அணைச்சுக் குடு.” மச்சானின் பருத்தி வேட்டியும் துண்டுமாகத்தான் உள்ளே விட்டாள். சோதிக்க வந்த பொறியாளர் மேடம்கூட அவளிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வாடைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. 200 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்ரோல் பங்கில், பூமிக்குள் புதைத்த பழைய தொட்டி ஓட்டை. அதைக் காலி செய்துவிட்டார்கள். ஆனால் பங்க் பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தில் ஒழுகியது மேட்டுக்கு எப்படி ஏறியது?

மேடம் பங்குக்கும் கிணற்றுக்கும் நடுவில் நாலு சின்ன போர் போட்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தார். அப்புறம் மச்சானிடம் கேட்டார்: “வாடை வந்ததும் என்ன செஞ்சீங்க ஐயா?”

மச்சான் மீசையைத் தடவினார். “கிணத்துல பூனை விழுந்தா என்ன செய்வோம்? அம்புட்டுத் தண்ணியையும் எறச்சுக் கொட்டுவோம். பத்து நாளு ராப்பகலா மோட்டார் ஓட்டுனேன்ல!”

மேடம் சிரிக்கவில்லை. குச்சியால் மண்ணில் கோடு போட்டார். “தரைதான் இங்க மேடு. தண்ணி மட்டம் இங்கதான் பள்ளம். சோளத்துக்கு இறைச்சது கொஞ்சம் இழுத்துச்சு, பத்து நாள் ஓட்டுனது பாறை வெடிப்பு வழியா மொத்தமா இழுத்துருச்சு.”

“பங்க்காரனே பரவால்ல மச்சான், நீங்க வரிசையில நிக்காமலே பெட்ரோல் பிடிச்சிருக்கீக” என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் காவலே மறந்துவிட்டது.

“சரி, மூடிருவோம்ல?” என்றார் மச்சான் மெதுவாக.

“மூடுனா பெட்ரோல் போகாது ஐயா, அடுத்த தோட்டத்துக்கு நகரும். வெளிய எடுக்க நமக்கு இருக்கிற ஒரே வாய் இதுதான்.”

வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பங்குக்குப் பக்கத்தில் அன்றைக்கே ஒரு போர் போட்டு, இழுத்த வழியிலேயே திருப்பி இழுக்கிறார்கள். கிணற்றில் மிதக்கும் பெட்ரோலை மட்டும், பொறி பறக்காத மோட்டார் மேலாக உறிஞ்சுகிறது. அடித்துப்பிடித்து எதுவும் இல்லை. எத்தனை பொறுமை! குடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம் என்று மேடம் மறைக்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி போன்ற குழாயை இறக்கிப் பார்த்தபோது பெட்ரோல் நாலு விரல்கடை கனத்துக்கு மிதந்தது. சனிக்கிழமை காலை மூன்று. 7.30க்கு டிராக்டர் வந்தது. மச்சான் குழாயையும் டிராக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏலே, கிணத்துப் பக்கம் வராத. மண்ண வரப்புல கொட்டிட்டுப் போ” என்று கத்தினார்.

உங்கள் கிணற்றில் இப்படி வாடை வந்தால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். இறைத்துக் கொட்டாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள், அதைக் குடிக்காதீர்கள். மண்ணைப் போட்டு மூடவே மூடாதீர்கள். விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். பார்க்கப் போகிறவர்கள் பருத்தித் துணியோடு போங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல வேட்டி இரவல் வாங்க வேண்டும்.

மூன்று வாரம் ஆகிறது. மச்சான் தினமும் காலையில் அவரே அளந்து போன் செய்கிறார். இன்றைக்கு ஒன்றரை விரல்கடை.